வீடு கம்பெனியுடையது, சாமான் யாருடையது?



காப்புறுதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது ஆயுள் காப்புறுதிதான். சம்பள நாள் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மாதம் இத்தனை வெள்ளி கட்டினால் பிள்ளைகளுக்கு இத்தனை ஆயிரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஏஜெண்டுகளை நம் பெற்றோர் நன்கு அறிவர். மனிதனின் உயிருக்குக் காப்புறுதி உண்டு என்று நாம் தெரிந்துகொண்டது அவர்கள் வழியாகத்தான். ஆனால், குடியிருக்கும் வீட்டுக்கும் அதற்குள் இருக்கும் பண்டபாத்திரங்களுக்கும் காப்புறுதி உண்டா, உண்டென்றால் அது எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதை நமக்கு விளக்கிச் சொல்ல யாரும் வந்ததில்லை. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கதை இலண்டன் நகரில் தொடங்குகிறது. 1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, புட்டிங் லேன் என்னும் சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவருடைய ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. மரத்தால் கட்டிய வீடுகள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்ற கூரைகள். போதாக்குறைக்குக் கிழக்குக் காற்று வேறு. நான்கு நாட்களுக்கு மேல் எரிந்த அந்தத் தீயில் ஏறக்குறைய 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன.

பள்ளிக்கூடப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். நமக்கு வேண்டிய செய்தியோ இதற்குப் பிறகுதான் வருகிறது. எரிந்துபோன வீடுகளில் குடியிருந்தவர்களில் மிகப் பலர் வாடகைக் குடிகள். அக்காலத்து வாடகைப் பத்திரங்களில், வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது குடியிருப்பவனின் பொறுப்பு என்று எழுதப்பட்டிருக்கும். வீடே சாம்பலாகிவிட்ட பிறகும் அந்த எழுத்து சாம்பலாகவில்லை. இல்லாத வீட்டுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும், அதை மறுபடியும் கட்டியும் கொடுக்க வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற, 1667இல் 'தீ நீதிமன்றம்' என்ற தனி நீதிமன்றம் கூடிற்று. நீதிபதிகள் உரிமையாளரையும் குடியிருந்தவரையும் எதிரெதிரே நிறுத்தி, யார் கட்டுவது, யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று வழக்குக்கு வழக்கு விசாரித்தார்கள். கட்டித் தர முன்வந்தவனுக்கு வாடகையைக் குறைத்தார்கள்; குத்தகைக் காலத்தை நீட்டித்தார்கள். எரிந்த வீடு யாருடைய நட்டம் என்ற கேள்வியை அந்த நீதிமன்றம் போல் நேருக்கு நேர் விசாரித்த இடம் அதற்கு முன்பு இருந்ததாகத் தெரியவில்லை.

வீடு யாருடைய நட்டம் என்றுதான் அங்கே கேட்டார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்த கட்டில், துணிமணி, கைத்தொழில் கருவிகள் ஆகியவற்றைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. அவை எரிந்தால் எரிந்தவைதாம்.

தீக்குப் பிறகு இலண்டனில் வீடு கட்டி விற்றுப் பணம் சேர்த்தவர்களுள் நிக்கலஸ் பார்பன் என்பவர் ஒருவர். மருத்துவம் படித்தவர், ஆனால் செய்ததெல்லாம் கட்டட வியாபாரம். அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து 1680இல் தீக்காப்புறுதி அலுவலகம் ஒன்றைத் திறந்தார். செங்கல் வீடாக இருந்தால் ஓராண்டு வாடகையில் நூற்றுக்கு இரண்டரை; மர வீடாக இருந்தால் நூற்றுக்கு ஐந்து. எளிதில் எரியும் வீட்டுக்கு இரட்டிப்புக் கட்டணம். வீடு எதனால் கட்டப்பட்டது என்று கேட்டுக் கட்டணம் வைக்கும் அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீட்டுக்கு ஒரு விலை, பலகை வீட்டுக்கு அதைவிடக் கூடுதல் விலை என்றுதான் நம் நாட்டிலும் நடந்து வருகிறது.

1696இல் இன்னொரு சங்கம் பிறந்தது. இரண்டு கைகள் கோத்த படம் அதன் சின்னம். அதனால் 'கையோடு கை' என்றே பெயர் பெற்றது. அதில் முதலாளி என்று தனியாக யாரும் இல்லை. வீட்டுக்காரர்களே பணம் போட்டு, தங்களுள் ஒருவர் வீடு எரிந்தால் எல்லோரும் சேர்ந்து கொடுப்பது என்று ஏற்பாடு. நம் தோட்டங்களில் பல ஆண்டுகளாக நடந்துவந்த மரண சகாய நிதியை அறிந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அத்தனை குடும்பமும் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடும். நாளை நம் வீட்டுக்கும் அவர்கள் கொடுப்பார்கள். காப்புறுதி என்னும் பெரிய வியாபாரத்தின் உள்ளே இருக்கும் எண்ணம் இவ்வளவுதான். இதை வெள்ளைக்காரன் வந்து நமக்குக் கற்றுத் தர வேண்டிய அவசியம் இருக்கவில்லை என்பது நம் கருத்து.

இந்த முதல் காப்புறுதிகள் எல்லாம் கட்டடத்துக்கு மட்டுமே. சாமான்களைக் காப்புறுதி செய்யலாம் என்ற யோசனையைச் சார்ல்ஸ் போவி என்பவர் 1708ஆம் ஆண்டளவில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய திட்டத்தை எடுத்துக்கொண்டு 1710இல் 'சன்' என்ற தீக்காப்புறுதி நிறுவனம் தொடங்கியது. ஆக, வீட்டுக்குக் காப்புறுதி பிறந்து முப்பது ஆண்டு கழித்துத்தான் வீட்டுச் சாமானுக்குக் காப்புறுதி பிறந்தது. இரண்டும் ஒருதாய் மக்களாக இருந்தாலும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல. இன்றைக்கும் அவை தனித்தனி. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்து ஏமாந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

இனி நம் பக்கம் வருவோம். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தீக்காப்புறுதியைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் ஆங்கிலேய ஏஜென்சி கம்பெனிகள். 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி, 1828இல் தொடங்கிய பூஸ்டெட் போன்றவை அவை. துறைமுகச் சரக்கு வியாபாரம் செய்தவர்களும், பிரிட்டிஷ் காப்புறுதி நிறுவனங்களுக்கு இங்கே முகவர்களாக இருந்தவர்களும், பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்களை நிர்வகித்தவர்களும் இவர்களே. ஆகவே காப்புறுதி என்பது நம் தோட்டங்களின் ஆபீசு வரைக்கும் வந்துவிட்ட ஒன்றுதான். ஆபீசிலிருந்து லயத்துக்கு வரும் பாதையை மட்டும் அது நடந்து கடக்கவில்லை.

ஏன் கடக்கவில்லை? காப்புறுதியில் ஓர் அடிப்படை விதி உண்டு. எந்தப் பொருள் அழிந்தால் உனக்கு நட்டமோ, அந்தப் பொருளைத்தான் நீ காப்புறுதி செய்யலாம். அடுத்தவன் வீட்டுக்கு நீ காப்புறுதி எடுத்து, அது எரியட்டும் என்று காத்திருக்க முடியாது. இந்த விதி இல்லாவிட்டால் காப்புறுதி சூதாட்டமாகிவிடும். ஆலை, ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடம், ஸ்டோர், துரை பங்களா, லயம் ஆகியவை கம்பெனியின் சொத்து. அவற்றுக்குக் காப்புறுதி எடுக்கும் உரிமையும் கம்பெனிக்கே. லயத்துக்குள் இருக்கும் சாமானோ தொழிலாளியுடையது. அது கம்பெனியின் பத்திரத்தில் இடம்பெற முடியாது. தொழிலாளி தன் பெயரில் எடுத்திருந்தால்தான் உண்டு. பலகைச் சுவரும் விறகடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் உள்ள ஒற்றை அறைக்குக் காப்புறுதி எழுத எந்த ஏஜெண்டு வந்தார்? வந்திருந்தாலும் நாள் கூலியில் சந்தா கட்ட எதை மிச்சம் பிடித்திருக்க முடியும்?

பழைய லயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து, இருபது குடும்பங்களுக்கு ஒரே நீளக் கூரை. பல லயங்களில் அறைக்கு அறை சுவர் இருக்குமே தவிர, கூரைக்கடியில் தடுப்பு இருக்காது. ஒரு முனையில் பிடித்த தீ மறுமுனைக்கு ஓடிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு லயம் எரிந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆண்களும் பெண்களும் பால் வெட்டப் போயிருந்த நேரம். ஆயாக் கொட்டகையில் இருந்த பிள்ளைகள் தப்பினார்கள். குடும்பங்களைக் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் தங்க வைத்தார்கள். அண்டைத் தோட்டத்து மக்கள் அரிசியும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில மாதத்தில் கூரை புதிதாக ஏறிவிட்டது. ஆனால் தகரப் பெட்டிக்குள் இருந்த சேலைகள், தவணை முறையில் வாங்கித் தவணை முடியாதிருந்த தையல் இயந்திரம், இவற்றுக்கு எந்த ஈடும் வரவில்லை. சாம்பலைச் சல்லடையில் சலித்துத் தாலிப் பொன்னைத் தேடியவர்களும் உண்டாம்.

பொன்னைக்கூடத் தேடினால் உருகிய கட்டியாகவாவது கிடைக்கும். காகிதம் கிடைக்காது. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றின் அருமை நம் மக்களைப் போல் அறிந்தவர் வேறு யார்? 1957க்குப் பிறகு குடியுரிமை பெறுவதற்கும், 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டி வந்தபோதும், ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் அலைந்தவர்கள் எத்தனை பேர்! இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாமான்களுக்கு நாம் இன்று எடுக்கும் காப்புறுதிப் பத்திரத்திலும் இத்தகைய ஆவணங்கள் சாதாரணமாகச் சேராது. அவற்றைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது என்பதைக் காப்புறுதிக்காரனும் அறிவான்.

இன்னொரு பெரிய தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொருள் யாருடையது என்ற கேள்விக்கு அடுத்தபடி, அது எந்தக் காரணத்தால் அழிந்தது என்ற கேள்வி காப்புறுதியில் எவ்வளவு முக்கியம் என்பதை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம். 1906 ஏப்ரல் 18ஆம் தேதி காலை 5.12 மணிக்கு அங்கே நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து தீ எழுந்து நாட்கணக்கில் எரிந்தது. ஏறக்குறைய 28,000 கட்டடங்கள் அழிந்தன. மக்களிடம் இருந்ததோ தீக்காப்புறுதி. நிலநடுக்கத்துக்கு அதில் இடமில்லை. தீயினால் அல்லாமல் கட்டடம் இடிந்து விழுந்தால் அந்த நொடியிலேயே காப்புறுதி முடிந்துவிடும் என்றுகூடப் பல பத்திரங்களில் எழுதியிருந்தது. உன் வீடு முதலில் இடிந்ததா, முதலில் எரிந்ததா என்று சாம்பல் மேட்டின் மீது நின்று வாதாடினார்கள். இடிந்த வீட்டுக்குப் பணம் வராது என்று தெரிந்து தாங்களே தீ வைத்தவர்களும் இருந்ததாக அக்காலத்துப் பதிவுகள் கூறுகின்றன. சில நிறுவனங்கள் கையை விரித்தன. சில பேரம் பேசின. இலண்டன் லாய்ட்ஸ் சந்தையைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத் என்பவர் பத்திரத்தின் வாசகத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் முழுப் பணத்தையும் கொடுக்கச் சொல்லித் தந்தி அடித்தார். அவருடைய பெயர் இன்றளவும் நிற்கிறது. ஆனால் எல்லோரும் ஹீத் ஆகிவிட மாட்டார்கள். பத்திரத்தில் உள்ள எழுத்துத்தான் நமக்குப் பிடி.

நம் நாட்டில் நிலநடுக்கம் அரிது; வெள்ளம் அப்படியல்ல. 1926இல் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி நம் பாட்டன்மார் பேசியிருப்பார்கள். 1971 ஜனவரியில் கோலாலம்பூரே நீரில் நின்றது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாக ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில், மக்கள் கூரை மீதேறி உதவிக்குக் கத்தினார்கள். அந்த வெள்ளப் பருவத்தில் நாட்டுக்கு ஏற்பட்ட நட்டம் 610 கோடி ரிங்கிட் என்றும், அதில் குடியிருப்புகளின் நட்டம் மட்டும் 160 கோடி என்றும் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தவர்கள் பலர், தங்களிடம் இருந்தது வெறும் தீக்காப்புறுதி என்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

மலேசியாவில் வீட்டுக்கு எடுக்கும் பத்திரங்கள் முக்கியமாக மூன்று வகை. முதலாவது, சாதாரணத் தீக்காப்புறுதி. அது தீ, இடி மின்னல், வீட்டு கேஸ் வெடிப்பு ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வெள்ளம் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, வீட்டு உரிமையாளர் காப்புறுதி. இது கட்டடத்துக்கு. தீயோடு வெள்ளம், புயற்காற்று, தண்ணீர்க் குழாய் வெடிப்பு முதலியவையும் இதில் வழக்கமாக உண்டு. மூன்றாவது, வீட்டுச் சாமான் காப்புறுதி. இதைத்தான் நம் மக்கள் கேள்விப்படுவதே இல்லை. கட்டடம் யாருடையதாக இருந்தாலும், அதில் குடியிருப்பவர் தம் சாமான்களுக்குத் தம் பெயரில் எடுக்கலாம். வாடகை வீடானாலும் தோட்டத்து வீடானாலும் சரி. தக்காஃபுல் முறையிலும் இவை கிடைக்கின்றன.

மண் சரிவு வேறு கதை. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை. நிலம் சரிவதாலும் இறங்குவதாலும் வரும் சேதம் வழக்கமான வீட்டுப் பத்திரத்தில் சேராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கலவரம், வேலைநிறுத்தம் ஆகியவற்றால் வரும் சேதமும் அப்படித்தான். கரையான் அரித்த உத்தரத்துக்கும் காலத்தால் ஒழுகும் கூரைக்கும் யாரும் எந்தக் காலத்திலும் பணம் தர மாட்டார்கள். காப்புறுதி என்பது எதிர்பாராமல் வரும் விபத்துக்கு; தேய்மானத்துக்கு இல்லை.

சாமான் பத்திரத்தில் நம்மவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது நகை. மற்றவர்கள் வங்கியில் சேர்ப்பதை நம் பெண்கள் பொன்னாகச் சேர்த்தார்கள். ஆனால் வழக்கமான பத்திரத்தில் தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்ந்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராது. எந்த ஒரு தனிப் பொருளும் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மதிப்பு வாய்ந்ததாக இருந்தால் அதைத் தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 30,000 வெள்ளிக்குச் சாமான் காப்புறுதி எடுத்த ஒருவர் 8,000 வெள்ளி ஆரத்தைப் பற்றி எழுதித் தரவில்லை என்றால், அந்த ஆரத்துக்கு 1,500 வெள்ளிக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. திருட்டுக்கும் நிபந்தனை உண்டு. பூட்டையோ சன்னலையோ உடைத்து உள்ளே வந்திருக்க வேண்டும். திறந்து கிடந்த கதவு வழியாக நுழைந்து எடுத்துப் போனால் அது இந்தப் பத்திரத்தின் கண்ணில் திருட்டே ஆகாது. 90 நாளுக்கு மேல் வீட்டில் யாரும் குடியிருக்காவிட்டாலும் திருட்டுக் காப்பு நின்றுவிடும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது விகிதக் கணக்கு. பலரும் கோபப்படுவது இதில்தான். ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட 200,000 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சந்தாவைக் குறைக்க 100,000க்கு மட்டும் எடுத்திருக்கிறார். சமையலறை எரிந்து 40,000 வெள்ளி நட்டம். எடுத்த தொகைக்குள்தானே நட்டம் இருக்கிறது, முழுதாகக் கிடைக்கும் என்று அவர் நினைப்பார். கிடைப்பது 20,000தான். பாதி மதிப்புக்குச் சந்தா கட்டியவருக்கு எந்த நட்டத்திலும் பாதி. இந்த விதியை நாம் நியாயமென்றே கருதுகிறோம். முழு மதிப்புக்குச் சந்தா கட்டிய பக்கத்து வீட்டுக்காரரும் அதே நிதியில்தான் பணம் போட்டிருக்கிறார். இதை வாங்கும்போது ஏஜெண்டு வாயால் விளக்காமல் விடுவதுதான் அநியாயம். இன்னொன்று: கணக்கிட வேண்டியது திரும்பக் கட்டும் செலவை. விற்கும் விலையை அல்ல. நிலம் எரிவதில்லை.

இந்த விவரங்கள் இன்று நமக்கு முன்பைவிட அதிகம் வேண்டியிருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், நகரங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியும், லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் தரை வீடுகளிலும் குடியேறிவிட்டன. வங்கியில் கடன் எடுக்கும்போது இரண்டு காப்புறுதிக் காகிதங்களில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஒன்று, கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனைக் கட்டுவது. மற்றொன்று, கட்டடத்துக்குத் தீக்காப்புறுதி. இரண்டிலும் முதலில் காப்பாற்றப்படுவது வங்கியின் கடன். அடுக்குமாடியாக இருந்தால் கட்டடக் காப்புறுதியை நிர்வாகக் குழு எடுக்க வேண்டும். மாதாமாதம் நாம் கட்டும் பராமரிப்புப் பணத்தில் அதுவும் சேரும். பணம் கட்டாதவர்கள் பெருகி, அந்தக் காப்புறுதி காலாவதியாகிவிட்டதா என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்பது குடியிருப்பவரின் உரிமை. எது எப்படியிருந்தாலும், இந்தக் காகிதங்கள் எதிலும் உங்கள் கட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டியும் பிள்ளைகளின் புத்தகங்களும் இல்லை. சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் நம் சாமான்கள் லயத்தில் இருந்த அதே நிலையில்தான் இருக்கின்றன.

1710இல் தொடங்கிய அந்த 'சன்' நிறுவனத்தின் பதிவேடுகள் இலண்டனில் இன்னும் பாதுகாக்கப்படுகின்றன. தச்சர், தையற்காரர், கடைக்காரர் என்று சாதாரண மக்கள் பெயர் பெயராக, வீட்டுச் சாமான் இவ்வளவு, உடுப்பு இவ்வளவு, தொழில் கருவி இவ்வளவு என்று அதில் பதிந்திருக்கிறது. அக்காலத்து எளிய குடும்பம் ஒன்றின் வீட்டில் என்னென்ன இருந்தன என்று அறிய வரலாற்று ஆசிரியர்கள் இன்று அவற்றைப் புரட்டுகிறார்கள். நம் லயங்களில் என்னென்ன இருந்தன என்று காட்ட அப்படி ஒரு பதிவேடு கிடையாது.

காப்புறுதி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, வீட்டில் உள்ள பொருள், வாங்கிய ஆண்டு, விலை என்று மூன்று கோடு போட்டு எழுதி வைக்கலாம். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரு மாலை வேலை. நகைக்கடை ரசீதுகளையும் பிறப்புப் பத்திரங்களையும் நகல் எடுத்து, அந்தப் புத்தகத்தோடு சேர்த்து, வேறு கூரையின் கீழ் குடியிருக்கும் அக்காள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.